உப்புத் தண்ணீர் மீன்கள்

வாசல் குழாய் சீறும் சத்தம் கேட்டதும் அந்தோணிராஜ் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். கட்டில் இருந்தது; அதில் அவன் படுப்பதில்லை. பிளாஸ்டிக் குடங்களை எடுத்துப் போய் வரிசையில் வைத்தான். பல் துலக்கினான். குடங்கள் நிறைந்ததும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்தான். பொங்குவதற்குள் முகம் மழித்துக்கொண்டான். காப்பி குடித்தான். பழைய சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து டப்பாவில் அடைத்தான். பிறகு மீன்தொட்டியின் விளக்கைப் போட்டான். ஒரு மஞ்சள் மீன் மேலே மல்லாந்து கிடந்தது. டீ வடிகட்டியால் அதை எடுத்துத் தினத்தாளில் மடித்து, பின்பக்கம் முருங்கை மரத்தடியில் குழி பறித்துப் போட்டான். மண்ணைக் காலால் தள்ளினான். கை கழுவினான். பாக்டரியின் முதல் சங்கு ஊதியது. சைக்கிளை எடுத்தான்.

எல்லாக் காலையும் இப்படித்தான். மீன் செத்த காலை, சாகாத காலை என்ற வித்தியாசம் மட்டும் உண்டு. கொஞ்ச நாளாகச் செத்த காலைகளே அதிகம்.

தொட்டி அவன் மனைவி ஞானகுமாரியுடையது. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விலங்கியல் டீச்சராக இருந்தாள். கல்யாணமான புதிதில் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்களெல்லாம் கலர் டி.வி. கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தபோது, அவள் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி கேட்டாள். அதில் ஆப்பிரிக்க ஏரி ஒன்றின் மீன்களை வளர்த்தாள். சிக்லிட் என்று பெயர். மஞ்சள், நீலம், ஊதா, கறுப்புக் கோடு. “பாக்கறதுக்குக் கடல் மீன், குணத்துல நம்ம தெரு நாய்” என்பாள். அந்தோணிராஜ் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஷிப்ட், யூனியன், பூப்பந்து, சிநேகிதர்கள். அவன் வீட்டுக்கு வரும்போது தொட்டி தன்பாட்டுக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒருத்தி வேலை செய்கிறாள் என்பது அவனுக்கு உறைத்ததில்லை.

ஐப்பசி மழையில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வந்த வாரமே போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. அவள் படம் போட்ட நினைவு அட்டையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ‘மாதாவே என்றழைத்தபடி இறைவனடி சேர்ந்தாள்’ என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த வாசகம் யார் சொல்லிப் போட்டது என்று அவன் கேட்கவில்லை. அவன் அழவும் இல்லை. கல்லுளிமங்கன் என்று பெண் வீட்டில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஓரிடத்தில் நிலைகொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறுவான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து வேறு பஸ்ஸில் காட்டுப்பாக்கம் வழியாக ஐயப்பன்தாங்கல். டிப்போவில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவான். கண்டக்டருக்கு முகம் பழகிவிட்டது.

“இன்னா சார், டிப்போல வேலையா?”

“இல்ல.”

“ஆள் யார்னா கீறாங்களா இந்தப் பக்கம்?”

“இல்ல.”

கண்டக்டர் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

வீடு வந்தால் தொட்டி. கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. கல்லை நகர்த்துவான். வடிகட்டியைப் பிரித்துக் கழுவுவான். தண்ணீரை மாற்றுவான்.

காலனியில் இரண்டு தண்ணீர் உண்டு. எந்நேரமும் வருவது போர் தண்ணீர், ஆழ்குழாயிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகிவிடும். மற்றது குடிதண்ணீர். காலையில் கொஞ்ச நேரம் குழாயில் தலைகாட்டும். காட்டாத நாளில் லாரி வரும். அதற்குக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். வந்த விருந்தாளிக்குப் போர் தண்ணீரில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டு மானம் தெருமுனைவரை போய்விடும்.

அந்தோணிராஜ் மீன்களுக்குக் குடிதண்ணீரை ஊற்றினான். பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தால் ஒரு நாள் திறந்துவைத்துவிட்டு ஊற்றினான். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன், அதெல்லாம் தெரியும். ஞானகுமாரி என்ன ஊற்றினாள் என்று அவன் பார்த்ததில்லை. இருப்பதில் உயர்ந்ததைக் கொடுத்தால் தப்பாகாது என்று நினைத்தான். தனக்குப் போர் தண்ணீரில் சோறு வடித்துக்கொண்டான்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி இதைப் பார்த்துவிட்டு மனம் கேட்காமல் தன் வீட்டுக் குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, இதையும் ஊத்துங்க. வாயில்லா ஜீவன். அக்கா ஆசையா வளத்தது.”

“உங்களுக்கு?”

“எங்களுக்கு இன்னா, இந்தாளு போர் தண்ணியக் குடிச்சாலும் தெம்பாத்தான் கீறாரு.”

அவள் புருஷன் கஜபதி பாக்டரியில் பிட்டர். அந்தோணிராஜின் பூப்பந்துக் கூட்டாளி. வாசலில் நின்றபடி குரல் கொடுத்தான். “மச்சான், நீ பாட்டுக்கு ஊத்து. எங்க ஊட்ல எனக்கு அடுத்துதான் மீனுக்கெல்லாம் மரியாதி. இல்ல, மீனுக்கு அடுத்துதான் எனக்கு.”

இப்படித் தெருவே சேர்ந்து அந்த மீன்களைச் சீராட்டியது. மீன்கள் நிறம் வெளுத்தன. சில வயிறு ஊதிச் செத்தன. சில செதில் கிழிந்து செத்தன.

செதில் கிழித்தது பெரிய நீல ஆண் மீன். கஜபதி அதற்கு ‘பேட்டை ரவுடி’ என்று பெயர் வைத்திருந்தான். தொட்டி நிறைய மீன் இருந்தபோது அது எல்லோரையும் ஆளுக்கொரு தட்டு தட்டிவிட்டுத் தன் கல்லிடுக்குக்குப் போய்விடும். இப்போது மிஞ்சியிருப்பது சிலதுதான். எனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது சாகும்வரை துரத்தியது.

தை பிறந்ததும் மாமியார் பூந்தமல்லியிலிருந்து வந்தாள். கறிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். உள்ளே காலை வைத்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“இன்னா மாப்ள, ஊடு மொத்தம் கவுச்சி அடிக்குது.”

“மீன் செத்துச்சு அத்தை.”

“இன்னைக்குமா?”

 மாமியார் குழம்பை இறக்கி வைத்தாள். தொட்டியைப் பார்க்காமல் நாற்காலியை அந்தப் பக்கம் முதுகு இருக்கும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் சொல்றன்னு கோச்சிக்காதீங்க. ஒரு சாவு போதாதுன்னு தினம் ஒரு சாவா பாத்துகினு எப்படி நீங்க தேறுவீங்க? எங்க கோவில் பக்கத்துல அனாதைப் புள்ளைங்க ஹாஸ்டல் கீது. சிஸ்டர் கேட்டாங்க. மாசி முதல் ஞாயித்துக்கிழமை டெம்போ எடுத்துகினு வரேன். குடுத்துடலாம். புள்ளைங்களாச்சும் பாத்து சந்தோசப்படட்டும்.”

“சரி அத்தை.”

அவ்வளவு சுலபமாக அவன் சம்மதித்தது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. “யோசிச்சிதான் சொல்றீங்களா?” என்றாள். அவன் தலையாட்டினான். யோசிக்கவில்லை. அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொன்னான்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து மீன்களுக்குத் தீனி போட்டான். சாம்பல் நிறப் பெண் மீன் ஒன்று மட்டும் தீனிக்கு வரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. அதன் தாடை புடைத்திருந்தது. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிய கிழவி மாதிரி எதையோ மென்றுகொண்டே இருந்தது.

அவன் குனிந்தான். ஞானகுமாரி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னது அப்போதுதான் மேலே வந்தது. முட்டையிட்டதும் வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரிந்து நீந்துகிறவரை வாயிலேயே வைத்திருக்கும். அத்தனை நாளும் பட்டினி. பயந்தால் துப்பிவிடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும். அன்று அவன் ‘ம்’ கொட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். இந்தச் சாம்பல் மீனை அவள் அரிசி அளவுக் குஞ்சிலிருந்து வளர்த்தாள்.

அது சாகக் கூடாது. அது வாயைத் திறக்கிறவரை தொட்டி இந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. ஐப்பசிக்குப் பிறகு அவன் வேண்டும் என்று நினைத்தது இது ஒன்றைத்தான்.  அப்படி நினைத்தது அவனுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஐயப்பன்தாங்கலுக்குப் போகவில்லை. சைக்கிளைக் கொளத்தூருக்கு மிதித்தான். அங்கே துலுக்கானம் என்பவன் ஓலைக் கொட்டகையில் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மீன் விற்றுக்கொண்டிருந்தான். ஞானகுமாரி அவனிடம்தான் வாங்குவாள்; அந்தோணிராஜ் ஓரிரு முறை அவளோடு வாசல்வரை வந்திருக்கிறான்.

“டீச்சரம்மா வர்லியா சார்?”

“இல்ல. மீன் சாவுது.”

“இன்னா தண்ணி ஊத்தறே?”

“குடிக்கிற தண்ணி. லாரியில வர்றது.”

“அப்ப தண்ணியில கோளாறு இல்ல. இன்னா துன்றதுக்குப் போடறே?”

“புழு. ஆவடிக் கடையில வாங்கறது.”

“அதுவும் ராஜபோகம். அப்ப இது சீக்குதான் சார்.” துலுக்கானம் ஒரு பாட்டில் நீல மருந்தை எடுத்து வைத்தான். “இத்த நாலு சொட்டு வுடு. அப்புறம் ஒரு டஜன் மீன் எடுத்துகினு போ. கூட்டம் கம்மியானா இதுங்க ஒண்ண ஒண்ணு போட்டுத் தள்ளும். பஸ்ல நெரிசல்ல எவனாச்சும் சண்டை போட முடியுமா? காலி பஸ்ல பாரு, ஜன்னல் சீட்டுக்கு வெட்டுகுத்தே நடக்கும்.”

வியாபாரப் பேச்சு என்று அந்தோணிராஜ் நினைத்தான். மீன் வாங்கவில்லை. மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டான். நாலு சொட்டு விடச் சொன்னதை ஒரு மூடி விட்டான். தொட்டி சொட்டுநீலம் போட்ட வேட்டித் தண்ணீர் போல ஆனது. விடிந்தபோது ஊதா மீன் இரண்டும் தரையில் சாய்ந்து கிடந்தன. சாம்பல் மீன் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தாடை புடைப்பு அப்படியே இருந்தது.

அன்று அவன் லீவு போட்டான். குடிதண்ணீரைக் குடம் குடமாக மாற்றி நீலத்தைப் போக்கினான். ரவுடி அப்போதும் அடங்கவில்லை. ஊதா மீன்கள் போனதும் அடுத்த குறி சாம்பல் மீன்தான். அந்தோணிராஜ் கல்லையெல்லாம் வெளியே எடுத்து வேறு மாதிரி அடுக்கினான். இடம் மாறினால் ரவுடிக்குத் தன் பேட்டை எது என்று தெரியாது, அடங்கிவிடும் என்று கணக்கு. ஒரு மணி நேரம் அடங்கியது. மறுபடி ஆரம்பித்தது. அவன் மறுபடி அடுக்கினான். சாயங்காலத்துக்குள் சாம்பல் மீனுக்கு ஒளிய ஒரு இடம் என்று நிலைத்தது எதுவும் இல்லை. கண்ணாடியோரம் தடவித் தடவித் திரிந்தது.

கஜபதி வந்து எட்டிப் பார்த்தான். “மச்சான், கார்ப்பரேசன்காரன் குடிசையப் பிரிக்கிற மாரி இன்னாத்துக்கு அதுங்க ஊட்டப் பிரிச்சிப் பிரிச்சிப் போடற? அடிக்கிறவன வுட்டுட்டு அடிவாங்கறவன் ஊட்ட இடிச்சா எப்படி?”

அந்தோணிராஜ் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். கஜபதி வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் அது சரி. அவன் வலையை எடுத்து ரவுடியை வளைத்துப் பிடித்தான். அது வலைக்குள் துள்ளி அவன் சட்டையை நனைத்தது. பின்கட்டில் இருந்த நீல டிரம்மில் தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி, காற்றுக் குழாயில் ஒரு கிளை இழுத்துவிட்டு, அதில் போட்டு மூடினான்.

“குண்டர் சட்டத்துலயே போட்டுட்டியா?” என்றான் கஜபதி. “ஜாமீன் எப்போ?”

“பாக்கலாம்.”

ஒரு பூந்தொட்டியின் பக்கத்தை உடைத்து வாய்போலச் செய்து தொட்டியின் ஓரத்தில் கவிழ்த்தான். சாம்பல் மீன் அதற்குள் போய்விட்டது. அதோடு கல்லைத் தொடுவதை நிறுத்தினான்.

ஆனாலும் சாவு நிற்கவில்லை. வயிறு ஊதி ஒன்று. காரணம் தெரியாமல் ஒன்று. டிரம்மில் தனியாக இருந்த ரவுடியே நிறம் வெளுத்துத் துணி மாதிரி ஆகிவிட்டது. அடிதடியும் இல்லை, மருந்தும் இல்லை. பிறகு என்ன? அந்தோணிராஜ் வராந்தாவுக்கும் தொட்டிக்கும் நடந்தான். ராத்திரி கஸ்தூரி சுவரைத் தட்டி, “அண்ணே, நடந்தது போதும், எங்களுக்குத் தூக்கம் வர்ல” என்று சொல்லும்வரை நடந்தான்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகவில்லை. தொட்டியின் கண்ணாடியைச் சுத்தம் செய்யலாம் என்று பிளேடை எடுத்தான். மேல் விளிம்பில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு கெட்டிப்பட்டிருந்தது. சுரண்டினான். லேசில் வரவில்லை. பலம் கொடுத்ததும் ஒரு சில்லு தெறித்துக் கையில் விழுந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தான். உடையவில்லை.

அவன் பாக்டரி லேபில் வேலை. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சோதிப்பதுதான் அவன் பிழைப்பு. கடினமான தண்ணீர் கொதிகலனுக்கு எமன். குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து படிந்து அடைத்துவிடும். அப்படி அடைத்த குழாயை அறுத்துக் கொண்டுவந்து லேப் மேஜையில் போடுவார்கள். அதற்குள் இருப்பது இதுதான். இதே வெள்ளை, இதே கெட்டி.

அடுப்படிக்குப் போய் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, சில்லின்மேல் பிழிந்தான். நுரைத்தது.

குடிதண்ணீர் இப்படிப் படியாது. குடிதண்ணீர்ப் பானையில் ஒரு கோடுகூட இல்லை. குளியலறை வாளியில்தான் இப்படி இருக்கிறது. போர் தண்ணீர் வாளியில்.

நனைந்த கையைத் துடைக்காமல் அடுத்த வீட்டுக்கு ஓடினான். கஸ்தூரி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஞானம் மீன்தொட்டிக்கு எந்தத் தண்ணி ஊத்துவா?”

“போர் தண்ணிதான். மத்தியானத்துல பக்கெட் பக்கெட்டா புடிச்சிகினு போவும் அக்கா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அப்புறம், கீரக்காரிகிட்ட ஒரு கட்டு தனியா வாங்கும். வெந்நீல போட்டு எடுத்து, கல்லுல கட்டி உள்ள உடும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு.”

“புழு?”

“அய்ய, புழுவெல்லாம் அக்கா தொடாது. வயிறு ஊதிப் பூடும்னு சொல்லும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

கஸ்தூரி மாவுக் கையோடு நிமிர்ந்தாள். “நீங்க கேக்கலியே அண்ணே. அக்கா இல்லாத துக்கத்துல நீங்க அதுங்களுக்கு ஒசத்தியா செய்யறீங்கன்னு நெனச்சேன். நானே ஒரு கொடம் குடுத்தேனே!” அவள் முகம் மாறியது. “அதுலயா செத்துச்சு?”

“இல்ல” என்றான் அவன். “இல்ல, அதுல இல்ல.”

திங்கட்கிழமை இரண்டு பாட்டில்களை லேபுக்கு எடுத்துப் போனான். ஒன்றில் தொட்டித் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். கொதிகலன் மாதிரிகளுக்கு நடுவில் அதையும் சோதித்தான். கடினத்தை அளக்கும் கரைசலைக் கொஞ்சம் விட்டதுமே தொட்டித் தண்ணீர் ஒயின் நிறத்திலிருந்து நீலத்துக்குச் சட்டென்று மாறிவிட்டது. போர் தண்ணீர் மாறவே மாட்டேன் என்றது. சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கடினம். இப்படி ஒரு தண்ணீர் கொதிகலனுக்கு வந்தால் அவன் சிவப்பு மையில் எழுதி மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருப்பான். அந்த ஆப்பிரிக்க ஏரியின் தண்ணீர் இப்படித்தான் இருக்க வேண்டும். ஞானகுமாரி நம்முடைய சபிக்கப்பட்ட தண்ணீருக்கு ஏற்ற மீனாகத் தேடிப் பிடித்திருக்கிறாள். அதை அவன் லிட்டர் லிட்டராக நல்ல தண்ணீர் ஊற்றிக் கெடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் போர் குழாயைத் திறந்து வாளிகளை நிறைத்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்று கை பறந்தது. தொட்டிக்கு மேலே வாளியைச் சாய்க்கப் போனவன் நிறுத்தினான். சூடான கண்ணாடிக் குடுவையைத் தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும் என்று லேபுக்கு வரும் புதுப் பையன்களுக்கு அவன்தான் சொல்லித் தருவான். வாளியை இறக்கி வைத்தான். ஒரு சொம்பு ஊற்றினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொம்பு. மீதியை நாளைக்கு என்று விட்டான்.

அந்த ‘நாளைக்கு’தான் கஷ்டமாக இருந்தது. செய்வதற்கு வேலை இல்லை. கல்லைத் தொடக் கூடாது. தீனி அதிகம் போடக் கூடாது. மருந்து கூடாது. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைவரை போனான். பாதி வழியில் ஒன்றும் காரணம் இல்லாமல் திரும்பினான். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போடாமல் தொட்டியைப் பார்த்தான். போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தான்.

அப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு எடுத்து ஒரு பங்கு ஊற்றினான். கீரையை வெந்நீரில் வாட்டிக் கல்லில் கட்டி விட்டான். மிஞ்சிய மீன்கள் முதலில் முகர்ந்தன, பிறகு பிய்த்தன. மஞ்சளுக்கு மஞ்சள் திரும்பியது. காலையில் விளக்கைப் போடும்போது வடிகட்டியை எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. துலுக்கானம் சொன்னதையும் இப்போது நம்பினான். கொளத்தூர் போய்ச் சின்ன மீன்களாகக் கொஞ்சம் வாங்கி வந்து விட்டான். அவை பழகிய பிறகு கடைசியாக ரவுடியை டிரம்மிலிருந்து எடுத்து விட்டான். அது தொட்டியைச் சுற்றி வந்தது. அதன் பழைய கல்லிடுக்கில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கூட்டத்தில் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் ஒரு மூலையில் போய் நின்றது.

“ஜாமீன்ல வந்தவன் கணக்கா கீறான்” என்றான் கஜபதி. “தெனம் ஸ்டேசன்ல கையெழுத்து போடணும்னு சொல்லிட்டியா?”

சாம்பல் மீன் மட்டும் உடைந்த பூந்தொட்டியைவிட்டு வரவில்லை. மெலிந்து முதுகு கத்தி போலாகிவிட்டது. தாடை இன்னும் பெரிதாகப் புடைத்திருந்தது. அதன் தோல் வழியாகக் கறுப்புக் கறுப்பாகக் கண்கள் தெரிந்தன. குஞ்சுகள் உயிரோடு இருந்தன. மாசி முதல் ஞாயிறும் வந்துவிட்டது.

டெம்போ வாசலில் நின்றது. மாமியார் இறங்கினாள். பின்னால் டிரைவரும் ஒரு சுமைக்கூலியும் கயிறு, சாக்கோடு வந்தார்கள்.

“தண்ணிய எறைச்சிட்டீங்களா மாப்ள?”

“இல்ல அத்தை. இன்னைக்கு எடுக்க வேணாம்.”

“இன்னா இது? சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். வாடகை பேசி கூட்டிகினு வந்துகீறேன்.”

“வாடகை நான் குடுக்கறேன். இன்னும் ரெண்டு மூணு நாள்.”

“சரின்னு சொன்னீங்களே, அன்னைக்கு.”

“சொன்னேன்.”

மாமியாருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு அழுகையும் கூடவே வரும். “எம் பொண்ணு போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. மீன எடுக்காதேன்னு மட்டும் வாய் வருதா?”

டிரைவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான்.  அந்தோணிராஜ் மாமியாரின் கையைப் பிடித்தான். கல்யாணத்தன்று ஆசீர்வாதம் வாங்கியபோது தொட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவளைத் தொட்டதில்லை. கூட்டிப் போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினான்.

“அதோ, அந்தச் சட்டிக்குள்ள. வாயப் பாருங்க.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“இன்னா அது, வாய் வீங்கிக் கீது?”

“குஞ்சு. வாய்க்குள்ள வச்சிருக்கு. இப்ப எடுத்தா துப்பிடும். இல்ல முழுங்கிடும்.”

“எத்தினி நாளா?”

“நீங்க குழம்பு கொண்டாந்தீங்களே, அன்னையிலருந்து.”

“அன்னையிலருந்து துன்னவே இல்லியா?”

“இல்ல.”

“வளத்தது ஞானமா?”

“அவதான்.”

மாமியார் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். டிரைவர், “அம்மா, எனக்கு வேற டிரிப்பு கீது” என்றான்.

“போப்பா. அடுத்த வாரம் வேணும்னா சொல்லி அனுப்பறேன். வேணாமுன்னாலும் சொல்லி அனுப்பறேன்.”

டெம்போ போனது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இருந்த அரிசியைக் களைந்து உலை வைத்தாள். பருப்பைக் குடிதண்ணீரில் போட்டாள். கஸ்தூரி வீட்டிலிருந்து கத்திரிக்காய் வந்தது. குழம்பு கொதிக்கிற வாசனை வந்தபோது அந்தோணிராஜ் தொட்டியருகே மண்டியிட்டிருந்தான். சாம்பல் மீன் சட்டியின் வாசலுக்கு வந்திருந்தது. தலையை லேசாகக் கீழே சாய்த்தது. வாய் திறந்தது.

புகை மாதிரி ஒன்று வெளியே வந்தது. பிறகு அது புகை இல்லை, எள் அளவுக் கண்களோடு வால்கள். அவை அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றன.

“அத்தை.”

அவள் கரண்டியோடு வந்தாள். பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கரண்டி கண்ணாடியில் இடித்து ‘ணங்’ என்றதும், எல்லாக் குஞ்சும் பாய்ந்து தாயின் வாய்க்குள் போய்விட்டன.

“ஐயோ, முழுங்கிடுச்சா?”

“இல்ல. குஞ்சு பயந்தா உள்ள சேத்துக்கும். மறுபடி வுடும்.”

சற்றுப் பொறுத்து அது மறுபடி விட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரவுடி அந்தப் பக்கம் வந்தது. சாம்பல் மீன் அத்தனை மெலிவிலும் பாய்ந்து அதை விரட்டியது. மாமியார் சிரித்தாள். அந்த வீட்டில் ஐப்பசிக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் வராந்தாவுக்கு வந்தது. சோறு வடித்து ஆறிக்கொண்டிருந்தது. அந்தோணிராஜ் அசையவில்லை.

“எழுந்திருங்க மாப்ள. காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ஒரு வாய் சாப்ட்டு வாங்க. நான் இத்தப் பாத்துக்கினு கீறேன்.”

“வேணாம் அத்தை.”

“அடுப்படி எங்க கீது, அமெரிக்காலயா கீது? நாலு எட்டு. போய் சாப்ட்டு வாங்க.”

“நான் போவல.”

அவன் குரல் உடைந்திருந்தது. மாமியார் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எதுவோ புரிந்தது, அல்லது புரியாமல் பயந்தாள்.

“மாப்ள. அட்டையில அப்படிப் போட்டாங்க, மாதாவேன்னு கூப்டான்னு. எங்க தங்கச்சி சொல்லிதான் போட்டாங்க. அவ ஆஸ்பத்திரிக்கே வர்ல. நீங்கதான் கட்டிலாண்ட இருந்தீங்க. நெசமா எம் பொண்ணு கடைசியா இன்னா சொன்னா?”

குஞ்சுகள் மறுபடி வெளியே வந்து நின்றன. அவன் அவற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்.

“‘நீங்க போய் சாப்ட்டு வாங்க. நான் எங்க போயிடப்போறேன்’னு சொன்னா.”